நல்ல படம் ஒண்டு, பாருங்க!
கைமாறிய சில திரைப்படங்களும் நமது இரசனையும்

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நீண்ட மேசை இருக்கிறது. இடைவேளையில் வடையும் தேத்தண்ணியும் வைக்கப்படும் அந்த மேசையில்தான் பல வருடங்களாகப் படங்களும் கைமாறி வந்தன. முதலில் கீறல் விழுந்த சிடிகள் வந்தன. பின்னர் டிவிடிகள், அதன்பின் பென் டிரைவ்கள். இப்போது மேசைக்கு எதுவும் வருவதில்லை. கைத்தொலைபேசிக்குப் படத்தின் பெயர் மட்டும் வருகிறது. பொருள் இத்தனை தடவை மாறியும், அதனோடு கூட வரும் வார்த்தைகள் மட்டும் மாறவே இல்லை.

"சேர், நல்ல படம் ஒண்டு, பாருங்க."

ஏன் நல்ல படம் என்று கேட்டால் மூன்றில் ஒரு பதில் கிடைக்கும். ஒன்று, "குடும்பத்தோட இருந்து பாக்கலாம்." இரண்டு, "பாத்து அழுதிட்டன் சேர்." மூன்று, "ஈரான் படம்."

இந்த மூன்று பதில்களையும் நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனவே இக்கட்டுரை பிறரைக் குறை சொல்ல எழுதப்படுவதல்ல. ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு படத்தைச் சிபாரிசு செய்வது என்பது நம் மத்தியில் நடக்கும் முதலாவது விமர்சனம் என்று நான் கருதுகிறேன். சஞ்சிகையில் அச்சேறும் விமர்சனத்தை நூறு பேர் வாசிக்கலாம். தேத்தண்ணிக் கடையில் சொல்லப்படும் ஒரு வசனமோ ஓர் ஊரின் இரசனையையே ஆக்கவும் கெடுக்கவும் வல்லது. அந்த ஒரு வசனத்தை நாம் எவ்வளவு கவனத்தோடு சொல்கிறோம் என்பதே எனது கேள்வி.

எங்களுடையது, சினிமா என்ற சொல்லைப் பெரியவர்கள் முன் உச்சரிக்கத் தயங்கிய ஊர். அதே ஊரில்தான் பெருநாள் இரவுகளில் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரையும் பிடித்து வந்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டிய வீடுகளும் இருந்தன. பகலில் கண்டித்தவர்கள் சிலர் இரவில் பின்வரிசையில் இருந்ததையும் சிறுவர்களாகிய நாங்கள் கண்டோம். இந்த இரட்டை நிலைக்குள்தான் 2000ஆம் ஆண்டுகளில் ஈரானியப் படங்கள் வந்து சேர்ந்தன. நான் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலம் அது. விடுதியில் ஒருவர் கொண்டு வந்த சிடியை இருபது பேர் இருந்து பார்ப்போம். ஆங்கில உபதலைப்புகளை ஒருவர் உரத்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்ததால் முகங்களைப் பார்க்கத் தவறிய படங்கள் எனக்குப் பல உண்டு.

அந்தப் படங்கள் எங்களுக்குள் ஒரு பெரிய ஆறுதலைக் கொண்டு வந்தன. முக்காடு போட்ட பெண்கள், பள்ளிவாசல், ஸலாம், ஏழை வீட்டுச் சீனிக் கணக்கு. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. "இது நம்மட படம்" என்று சொல்லிக்கொண்டோம். படம் பார்ப்பது சரியா பிழையா என்று மனதுக்குள் இருந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது போல இருந்தது. ஆனால் வழக்கு தீர்ந்ததே தவிர, படத்தை நாம் பார்த்தோமா என்பது வேறு விடயம்.

மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) அக்காலத்தில் எங்கள் பகுதியில் அதிகம் கைமாறிய படம் எனலாம். தங்கையின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அலி என்ற சிறுவன் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்லப் பயம். வேறு வாங்க வாப்பாவிடம் காசும் இல்லை. அண்ணனின் ஒரு சோடிச் சப்பாத்தைக் காலையில் தங்கையும் பகலில் அண்ணனுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருவரும் பாடசாலைக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் போட்டியொன்றில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. மூன்றாவதாக வரவேண்டும் என்று ஓடிய அலி, தவறிப்போய் முதலாவதாக வந்துவிடுகிறான்.

இந்தப் படத்தை எனக்குச் சிபாரிசு செய்தவர், "வறுமைய அப்படியே காட்டி இரிக்கான், அழாம இரிக்க ஏலா" என்றார். நானும் அழுதேன். பிறகு பத்துப் பேருக்காவது அதே வார்த்தைகளோடு அதைக் கொடுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து இரண்டாம் தடவை பார்த்தபோதுதான், எனது சிபாரிசு எத்தனை விடயங்களை மறைத்திருக்கிறது என்பது விளங்கியது.

ஒரு காட்சி. அலியின் தந்தை வீட்டில் இருந்து பள்ளிவாசலுக்கான சீனிக்கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேத்தண்ணி கொண்டு வருகிறாள். அவர் சீனி கேட்கிறார். இவ்வளவு சீனி முன்னால் இருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது, தங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறார் தந்தை. அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடுகிறது. அமானிதம் பற்றி எத்தனை பயான்களைக் கேட்டிருக்கிறோம்! இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு விரிவுரையும் இல்லை. குவிந்து கிடக்கும் சீனிக்கு முன்னால் சீனி கேட்கும் ஓர் ஏழை மட்டும் இருக்கிறான். மார்க்கம் இந்தப் படத்தில் போதனையாக வராமல் பழக்கமாக வருகிறது. முதல் தடவை பார்த்தபோது எங்கள் இருபது பேரில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் முக்காட்டையும் பள்ளிவாசலையும் கண்டுபிடித்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு காட்சி. தொலைந்த தன் சப்பாத்தை வேறொரு மாணவியின் காலில் தங்கை ஸஹ்ரா கண்டுவிடுகிறாள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு அவள் வீடு வரை போகிறாள். அந்தச் சிறுமியின் தந்தை கண் தெரியாதவர் என்பதை இருவரும் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்றும் பேசாமல் திரும்பி வருகிறார்கள். அங்கே ஒரு நீண்ட வசனம் வைத்திருந்தால் நமது கண்ணீர் இன்னும் கூடியிருக்கும். ஆனால் படம் விழுந்திருக்கும்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பாவம், கடைசியில சப்பாத்து கிடைக்கல்ல" என்றுதான் எல்லோரும் கதை சொல்கிறோம். அது பிழை. முடிவுக்குச் சற்று முன்னர், தந்தையின் சைக்கிளில் புதுச் சப்பாத்துகள் கட்டப்பட்டிருப்பது ஒரு கணம் காட்டப்படுகிறது. நமக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்து, கொப்பளம் வெடித்த கால்களைத் தண்ணீரில் வைத்திருக்கும் அலிக்கு அது தெரியாது. மீன்கள் அவன் கால்களைச் சுற்றி வருகின்றன; படம் முடிகிறது. சந்தோசம் வந்துகொண்டிருக்கிறது, துக்கமோ இன்னும் போகவில்லை. இந்த இடைவெளியில் நம்மை நிறுத்திவிட்டுப் போவதுதான் இயக்குநரின் கெட்டித்தனம். கண்ணீரில் கண் மறைந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் தெரியவில்லை. எனக்கும் முதல் தடவை தெரியவில்லை.

"அழுதிட்டன்" என்பது படத்தைப் பற்றிய செய்தியல்ல, நம்மைப் பற்றிய செய்தி என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி "நம்மட படம்" என்பதற்கு வருவோம். ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை சிறுவர்கள் என்று நாம் கேட்பதில்லை. 'சிறுவர் மற்றும் இளையோரின் அறிவு விருத்திக்கான நிறுவனம்' என்று ஒன்று தெஹ்ரானில் 1965இல் தொடங்கப்பட்டது. கானூன் என்று சுருக்கமாக அழைப்பார்கள். முதலில் நூலகம், சிறுவர் நூல்கள் என்று இயங்கிய அந்நிறுவனத்தில் திரைப்படப் பிரிவு உருவாக முன்னின்றவர் அப்பாஸ் கியரொஸ்தமி. அவருடைய முதற் குறும்படமான 'ரொட்டியும் சந்தும்' 1970இல் அங்கேதான் உருவானது. புரட்சி நடந்தது 1979இல். நாம் 'இஸ்லாமிய சினிமா' என்று பெயர் சூட்டிய மரபின் ஒரு முக்கிய வேர் மன்னராட்சிக் காலத்திலேயே ஊன்றப்பட்டுவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. புரட்சிக்குப் பின்னர் தணிக்கை கடுமையானபோது, பெரியவர்களின் உறவுகளை நேராகக் காட்ட முடியாத இயக்குநர்கள் பலருக்குச் சிறுவர்களின் உலகமே மூச்சுவிடும் இடமாக இருந்தது. நாம் 'சுத்தம்' என்று மெச்சியது பல சமயங்களில் ஒரு கலைஞனின் நெருக்கடியும் ஆகும்.

கியரொஸ்தமியின் 'செர்ரியின் சுவை' 1997இல் கான் விழாவின் உயர் விருதைப் பகிர்ந்துகொண்டது. தற்கொலை செய்ய முடிவெடுத்த ஒருவன், தன்னை மண் போட்டு மூட ஆள் தேடி வாகனத்தில் அலைகிற கதை. அவன் ஏற்றிக்கொள்ளும் மதரசா மாணவர் மார்க்கத்தின் பேரில் மறுக்கிறார். பின்னர் வரும் ஒரு முதியவரோ, தானும் ஒருமுறை சாகப் போய் முசுக்கட்டைப் பழத்தின் ருசியால் திரும்பி வந்த கதையைச் சொல்கிறார். இதுவும் ஈரான் படந்தான். இதை யாரும் ஓய்வறை மேசையில் வைக்கவில்லை. 'வெள்ளை பலூன்' (1995) என்ற சிறுமியின் கதையை எடுத்த ஜபார் பனாஹியை நாம் கொண்டாடினோம். அதே பனாஹிக்கு 2010இல் ஆறு வருடச் சிறைத்தண்டனையும் இருபது வருடம் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டபோது, நம்மில் எத்தனை பேர் அதைப் பேசினோம்? அவர் அதற்குப் பிறகும் படம் எடுத்தார். 2025இல் கான் விழாவின் தங்கப் பனை விருதையும் பெற்றார். "ஈரான் படம்" என்று நாம் ஒரே முத்திரையைக் குத்தும்போது, அந்த நாட்டு அதிகாரத்தோடு மல்லுக்கட்டிய கலைஞர்களையும் அந்த அதிகாரத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இந்த மரபு வைத்திருக்கும் கண்ணாடி ஒன்று உண்டு. கியரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987). வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்த மாணவனின் தாளை ஆசிரியர் கிழிக்கிறார். இன்னொரு முறை இப்படி வந்தால் வகுப்பைவிட்டு வெளியேற்றுவேன் என்கிறார். அன்று பின்னேரம் அஹ்மத் என்ற சிறுவன், அந்தக் கூட்டாளியின் கொப்பி தன் பைக்குள் தவறி வந்திருப்பதைக் காண்கிறான். அதைக் கொடுப்பதற்காகக் கோகர் என்ற தன் ஊரிலிருந்து மலை மேட்டால் ஓடி அடுத்த ஊருக்குப் போகிறான். வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தாய் அவன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாட்டனார் ஒருவர், சட்டைப் பையில் சிகரெட் இருக்கும்போதே இன்னொன்று எடுத்து வரும்படி அவனை அனுப்புகிறார். பிள்ளைக்குக் கீழ்ப்படிவு பழக வேண்டுமாம். தன் வாப்பா கிழமைக்கொரு முறை காசும் இரு கிழமைக்கொரு முறை அடியும் தந்ததாகவும், காசை மறந்த நாள் உண்டு, அடியை மறந்த நாள் இல்லை என்றும் பெருமையாகச் சொல்கிறார்.

இதைச் சிபாரிசு செய்தவர் "நட்புப் பத்தின படம், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க சேர்" என்றார். நான் பிள்ளைகளுக்குப் போட்டேன். அந்த முதல் காட்சியில் ஆசிரியர் தாளைக் கிழித்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்தத் தவணையில் நானும் ஒரு பிள்ளையின் தாளைக் கிழித்திருந்தேன். காரணமும் ஏறத்தாழ அதேதான், கொப்பி கொண்டு வரவில்லை. ஏன் கொண்டு வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கொப்பி முடிந்து இரண்டு கிழமையாகிவிட்டது என்றும், புதிதாக வாங்கித்தர வீட்டில் ஆளில்லை என்றும் பின்னர் அறிந்தேன்.

இறுதியில் அஹ்மத் இரவிருந்து கூட்டாளியின் வீட்டுவேலையையும் தானே எழுதிக் கொண்டு வருகிறான். ஆசிரியர் பார்த்து ஒப்பமிடுகிறார். கொப்பிக்குள் ஒரு சிறிய பூ. ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து வேறொருவனுடையது என்பதும் தெரியாது, அதற்குப் பின்னால் ஒரு மலையும் ஓர் இரவும் இருந்தன என்பதும் தெரியாது. நட்பைப் பற்றிய படம் என்பது உண்மைதான். எனினும் என்னளவில், ஒப்பமிடுபவனுக்குத் தெரியாதவை பற்றிய படம் இது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட முன்னர் ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டிய படம்.

இனி நான் சொல்லப் போவது, எழுதலாமா என்று பலகாலம் யோசித்த ஒரு விடயம்.

பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம' 2003ஆம் ஆண்டின் படம். போர்க்காலத்தின் மூன்று கதைகள் அதில் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. காணாமற்போன விமானி ஒருவரின் மனைவி தன் கணவனைத் தேடுகிறாள். ஒரு சிங்களப் படைவீரன் விலைமாதர் விடுதியில் தன் சொந்தத் தங்கையைக் காண்கிறான். புலிகளால் வெளியேற்றப்படும் ஒரு முஸ்லிம் கிராமத்தின் பதினொரு வயதுச் சிறுவன் தன் நாயைக் கைவிடாமல் இருக்கப் போராடுகிறான். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், தம் மண்ணைவிட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நமது எழுத்தாளர்கள் சிலர் இதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சிங்கள இயக்குநர் இதைத் திரையில் வைத்தது எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது.

கலாசாலை விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த நண்பர். 2007 அளவில் அந்தப் படத்தின் டிவிடி எனக்குக் கிடைத்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். உறைக்குள் ஒரு துண்டும் வைத்தேன். "மச்சான், உங்கட கதை படமாக வந்திரிக்கு. கட்டாயம் பார்."

பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் சந்தித்தபோது நானே கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்கட கதை எனக்குத் தெரியும் மச்சான். சனம் மூட்டை கட்டத் தொடங்கினதோட நிப்பாட்டிப் போட்டன். அதில வேற ரெண்டு கதையும் இருக்காமே? அதைச் சொல்லித் தந்திருந்தா முழுக்கப் பாத்திருப்பன்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? காயப்பட்டவனுக்கு அவனது காயத்தின் படத்தை அனுப்பிவிட்டு, நன்றியை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அதில் இருந்தது. மூன்று துயரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அந்தப் படத்தின் வடிவம். வடிவமே அதன் கருத்து. சிங்களப் படைவீரனின் அவமானத்தையும் முஸ்லிம் சிறுவனின் பிரிவையும் ஒரே வெயிலின் கீழ் வைத்துப் பார்க்கச் சொல்கிறார் விதானகே. நானோ அதில் மூன்றிலொரு பங்கைக் கிழித்தெடுத்து, 'இது உனது' என்று முகவரி எழுதி அனுப்பியிருக்கிறேன். கொப்பித் தாளைக் கிழித்த அதே கைதான் இதையும் செய்தது.

படத்தின் மீது எனக்கும் விமர்சனம் உண்டு. வெளியேற்றத்தின் துயரைச் சிறுவனுக்கும் நாய்க்கும் இடையிலான பாசத்தின் வழியாகச் சொல்லும்போது, எந்தப் பார்வையாளருக்கும் அது இலகுவில் சென்றடைகிறது. ஆனால் அயலவனாக இருந்தவர்களே போகச் சொன்னார்கள் என்ற கசப்பு, அந்தப் பாசத்தின் பின்னால் சற்று மங்கிப்போகிறது. இதை நான் நண்பரிடம் விவாதித்திருக்கலாம். எனது துண்டு அந்த விவாதத்தின் வாசலை முதலிலேயே சாத்திவிட்டது.

சில காலம் கழித்து இன்னொரு படத்தை அனுப்பினேன். பஹ்ராம் பெய்சாயியின் 'பாஷூ, சின்ன அந்நியன்'. 1980களின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டு 1989இல் திரைக்கு வந்த படம். இம்முறை துண்டில் ஒரு வரி மட்டும் எழுதினேன்: "ஒருவர் பாஷை ஒருவருக்கு விளங்காத ஒரு பொடியனும் ஒரு பெண்ணும்."

ஈரான் ஈராக் போரில் குண்டுவீச்சுக்குக் குடும்பத்தை இழந்த தென்பகுதிச் சிறுவன், ஒரு லொறியில் ஒளிந்து வடக்கே கீலான் பகுதிக்கு வந்து சேர்கிறான். அவன் பேசுவது அரபு. அவனுக்குச் சோறு கொடுக்கும் நாயி என்ற கிராமத்துப் பெண் பேசுவது கீலக்கி. அவனுடைய கறுப்பு நிறம் அழுக்கு என்று எண்ணி அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். ஊர்ச் சிறுவர்களோடு நடக்கும் சண்டையொன்றில், பாஷூ கீழே கிடந்த பாடப்புத்தகத்தை எடுத்துப் பாரசீகத்தில் உரத்து வாசிக்கிறான். ஈரான் நமது நாடு, நாமெல்லாம் அதன் பிள்ளைகள் என்ற கருத்துள்ள வரிகள். அப்போதுதான் இருசாராருக்கும் பொதுவாக ஒரு மொழி, பாடசாலையில் படித்த மொழி, இருப்பது தெரியவருகிறது. நமது நாட்டின் பிள்ளைகள் கையில் அப்படி ஒரு பொதுப் புத்தகம் இருந்ததா என்று எண்ணாமல் ஓர் இலங்கை ஆசிரியரால் அக்காட்சியைக் கடக்க முடியாது.

இந்த முறை நண்பர் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசினார். புத்தளத்தில் வந்திறங்கிய முதல் கிழமை, பெயர் தெரியாத ஓர் உம்மா பெரிய சட்டியில் சோறு கொண்டு வந்த கதையை எனக்கு முதற்தடவையாகச் சொன்னார். விடுதியில் இத்தனை காலம் பக்கத்தில் படுத்தும் நான் கேட்டிராத கதை அது. அதோடு அவர் நிற்கவில்லை. படத்தின் முடிவில் எனக்கிருந்த மயக்கத்தையும் கலைத்தார். ஒரு கையை இழந்து திரும்பி வரும் கணவனும் பாஷூவை ஏற்றுக்கொள்ள, எல்லோரும் சேர்ந்து வயலில் புகுந்த பன்றியை விரட்ட ஓடுவதோடு படம் முடிகிறது. நான் அதை அருமையான முடிவு என்றேன்.

"நல்ல முடிவுதான். ஆனா அந்தப் படம் முதல் வருசத்தோட முடிஞ்சிட்டுது மச்சான். எங்களுக்குப் பதினேழு வருசம். சோறு தந்த சனத்துக்கும் எங்களுக்கும் தண்ணிக்குச் சண்டை வந்தது அதுக்குப் பிறகுதான்."

'பாஷூ' பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இப்படி ஒரு விமர்சனத்தைக் காணவில்லை. விருந்தோம்பல் எங்கே முடிந்து அயல் வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்பதை அப்படம் கேட்கவில்லை என்ற குறையைக் காண, அவருக்கு எந்தத் திரைப்படக் கோட்பாடும் தேவைப்படவில்லை. 'உங்கட கதை' என்று நான் எழுதி அனுப்பியிருந்தால் இதுவும் எனக்குக் கிடைத்திராது.

இவற்றையெல்லாம் ஓர் இலக்கியச் சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. ஓய்வறை மேசையின் அந்த மூன்று பதில்களும் நமது நூல் விமர்சனங்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. "குடும்பத்தோட பாக்கலாம்" என்பது அங்கே "சமூகத்துக்கு நல்ல படிப்பினை தருகிறது" என்று எழுதப்படுகிறது. "அழுதிட்டன்" என்பது "நெஞ்சைத் தொடுகிறது" ஆகிறது. "ஈரான் படம்" என்பது "நமது மண்ணின் மைந்தர்" ஆகிறது. நமது ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவந்தால் அதைப் பற்றி இந்த மூன்றையும் தவிர நாம் வேறென்ன சொல்கிறோம்? அந்தச் சீனிக்கட்டிக் காட்சி போன்ற ஓர் இடம் அந்தத் தொகுதியில் இருந்தாலும், அதைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாமலே அது போய்விடுகிறது. எழுதியவரும் அடுத்த தடவை படிப்பினையையே கூட்டி எழுதுகிறார். வாய்ச்சொல்லில் பழகிய சோம்பல்தான் அச்சிலும் வருகிறது.

பெரிய கோட்பாடு எதையும் நான் சொல்லவில்லை. ஒரு படத்தையோ நூலையோ கொடுக்கும்போது, அதில் நாம் கண்ட ஓர் இடத்தை மட்டும் சொல்வோம். முழுக் கதை வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். 'சீனி கேட்கிற காட்சியைக் கவனி' என்றால் போதும். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை யோசிப்போம். அது அவருடைய கதை என்று நாம் தீர்மானிக்காதிருப்போம். திருப்பித் தரும்போது அவர் சொல்வதைக் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். சிபாரிசின் பாதி கொடுப்பதில் இருக்கிறது. மீதிப் பாதி அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. கைத்தொலைபேசியில் நாளுக்கு நான்கு பெயர்கள் வந்து விழும் இக்காலத்தில் நாம் இழந்திருப்பது அதைத்தான்.

சென்ற தவணை முடிவில் எனது வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சேர், ஒரு படம் பாத்தன்" என்றாள். நல்ல படமா என்று கேட்கப் போன வாயை அடக்கிக்கொண்டு, "அதில என்ன கண்டாய்?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். பின்னர் இடைவேளை மணி அடித்து முடியும் வரை சொல்லிக்கொண்டே நின்றாள். அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் சொன்ன ஒரு காட்சிக்காக இந்த லீவில் பார்க்க இருக்கிறேன்.